பின்தள மொழி: வேகப் பட்டியலை மூடிவிட்டுத் தேர்வு செய்யுங்கள்

வலைச் செயலிக்குப் பின்தள மொழி (சர்வரில் ஓடும் பகுதியை எழுதும் மொழி) தேடும் பலரும் முதலில் திறப்பது வேக ஒப்பீடுகளைத்தான். சின்னச் செயலியில் நேரம் பெரும்பாலும் டேட்டாபேஸ் பதிலுக்குக் காத்திருப்பதிலேயே போகும். இண்டெக்ஸ் (தரவை விரைவாகத் தேட உதவும் அட்டவணை) இல்லாத குவெரியை (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வியை) எந்த மொழியும் காப்பாற்றாது.

லாகின், படிவம், அறிக்கை என்று போகிற செயலிக்குப் பைத்தானும் அதன் வலைச் சட்டகமான ஜாங்கோவும் போதும். அட்மின் பக்கம் கூடவே வருகிறது. கையில் இருப்பது மலிவான ஷேர்டு ஹோஸ்டிங் (ஒரே சர்வரைப் பலர் பகிர்வது) என்றால் பிஎச்பி. அங்கே நோடு.ஜேஎஸ் (சர்வரில் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் மென்பொருள்) ஓடுமா என்று பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள்.

சாட் போல ஆயிரக்கணக்கான இணைப்புகள் திறந்தே கிடக்கும் என்றால் நோடு.ஜேஎஸ் அல்லது கோ (Go) மொழி. நோடில் பலர் சறுக்குவது இங்கேதான்: நீங்கள் எழுதும் ஜாவாஸ்கிரிப்ட் ஒரே திரெட்டில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வரிசையில், ஓடுகிறது. ஒருவர் கேட்ட பெரிய எக்செல் அறிக்கையைத் தயாரிக்க அதற்கு 3 வினாடி பிடித்தால், அந்த 3 வினாடியும் மற்ற எல்லோரும் காத்திருக்க வேண்டியதுதான். அத்தகைய வேலையை வொர்க்கர் திரெட்டுக்கோ (பக்கத்தில் ஓடும் தனித் திரெட்) தனி க்யூவுக்கோ (பின்னணியில் செய்ய வேண்டிய வேலைகளின் வரிசை) தள்ளுங்கள்.

பணக் கணக்கு உண்டா? ஜாவாஸ்கிரிப்டில் 0.1 + 0.2 போட்டால் 0.30000000000000004 வரும். தொகையைப் பைசாவாக்கி முழு எண்ணில் வையுங்கள். பைத்தானின் ஃப்ளோட்டும் (தசம எண்களுக்கான வழக்கமான வகை) இதே லட்சணம்தான். அங்கே டெசிமல் என்ற துல்லியமான எண் வகை இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

இன்னும் தடுமாற்றம் என்றால் லாகின், ஒரு டேபிள், ஒரு கோப்பு அப்லோடு, இவ்வளவை மட்டும் இரண்டு மொழிகளில் எழுதிச் சர்வரில் ஏற்றிப் பாருங்கள். எழுதுவதைவிட ஏற்றும்போதுதான் வித்தியாசம் தெரியும்: கோ மொழியில் பில்டு செய்த ஒரே கோப்பை நகலெடுத்தால் போதும், பைத்தானில் விர்ச்சுவல் என்விரான்மென்ட்டும் (செயலிக்கான தனிப் பைத்தான் சூழல்) அதன் பேக்கேஜ்களும் அங்கேயும் அமைக்க வேண்டும்.