நடுக்காது அறுவை: செத்த காதைக் கேட்கவைத்த என் கோடு

போன வாரம் ஒரு செவித்திறன் சோதனைப் பயிற்சி மாணவி நீட்டிய ஆடியோகிராமை (எவ்வளவு மெல்லிய சத்தம் கேட்கிறது என்று காட்டும் வரைபடம்) பார்த்ததும் பழைய வயிற்றெரிச்சல் திரும்பி வந்தது. அச்சு அசலாக நான் ஒரு காலத்தில் போட்ட கோடு. பரிசோதனை அறைக் கதவைச் சரியாக மூடாதது, ஹெட்ஃபோனை இடம் வலம் மாற்றி மாட்டியது எல்லாம் ஒரு தடவை திட்டு வாங்கினால் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

மறுகாதுக்கு இரைச்சல் போடாதது

செவிப்பறையும் மூன்று சிற்றெலும்புகளும் சேர்ந்து ஒலியழுத்தத்தைச் சுமார் 22 மடங்கு கூட்டி உட்காதுக்குத் தருகின்றன. டெசிபலில் 27 பக்கம் வரும். பறை கிழிந்தாலும் எலும்பு அரித்தாலும் போவது இது, அறுவையால் மீட்க முடிந்ததும் இதுதான். காக்ளியா (ஒலியை நரம்புக்குத் தரும் உட்காதுச் சுருள்) செத்திருந்தால் பறையை ஒட்டிப் பயனில்லை. எந்த வகை என்று காட்டுவது காற்றுவழிக் கோட்டுக்கும் (ஹெட்ஃபோனில் சோதித்தது) எலும்புவழிக் கோட்டுக்கும் (காதுக்குப் பின்னால் வைப்ரேட்டர் வைத்து, எலும்பை அதிரவைத்துச் சோதித்தது) உள்ள இடைவெளி.

சிங்கப்பூர் தேக்காவில் கடை வைத்திருந்த ஓர் அங்கிள். இடது காது காற்றுவழியில் 60 டெசிபல், எலும்புவழியில் 15 (எண் கூடினால் கேட்பது குறைவு). ‘நடுக்காதுக் கோளாறு’ என்று பெருமையாக எழுதிக் கொடுத்தேன். அறுவைக்கு நாள் குறித்தாயிற்று, கடையைப் பார்த்துக்கொள்ள மச்சானும் ஊரிலிருந்து வந்தாயிற்று. அப்புறம்தான் என் சீனியர் வலது காது குறுக்கே வராதபடி அதில் இரைச்சல் போட்டு மறுபடி சோதித்தார். இடது காதில் ஒன்றுமே இல்லை.

வைப்ரேட்டரை எந்தக் காதுக்குப் பின்னால் வைத்தாலும் அதிர்வது மொத்த மண்டை ஓடு. அந்த 15 வலது காது கேட்டது. 60-உம் அதேதான்: ஹெட்ஃபோனில் 40 டெசிபல் தாண்டினாலே சத்தம் அந்தப் பக்கம் கசியத் தொடங்கும். ஓர் இசைக்கவையை நெற்றியில் வைத்திருந்தால்கூடத் தெரிந்திருக்கும். நடுக்காது அடைப்பென்றால் சத்தம் அந்தக் கெட்ட காதுக்கே போக வேண்டும். அங்கிளுக்கு வலப்பக்கம் போயிருக்கும்.

ஏன் இரைச்சல் போடவில்லை என்று மாணவியைக் கேட்டேன். “பாட்டி குழம்பிப் போறாங்க அக்கா.” குழம்பத்தான் செய்வார்கள். “மழை பெய்யுற மாதிரி இரைச்சல் வரும் பாட்டி, அதைக் கண்டுக்காதீங்க, ‘பீப்’னு கேட்டா மட்டும் அழுத்துங்க” என்று தமிழில் சொன்னால் போதும். இதற்கு ஐந்து நிமிடம் ஆகாது. எனக்கு அன்று அந்த ஐந்து நிமிடம் பெரிதாகத் தெரிந்தது!

அறுவை முடிந்த பிறகும் இதே கதை. உட்காது அடிபட்டிருந்தால், இரைச்சல் போடாத கோடு அதை அழகாக மூடிவிடும்.

2000 ஹெர்ட்ஸ் பள்ளம்

அங்கவடி எலும்பு (மூன்று சிற்றெலும்புகளில் கடைசி) இறுகியவர்களுக்கு எலும்புவழிக் கோடு 2000 ஹெர்ட்ஸில் இறங்கும். 1950-இல் அமெரிக்கச் செவியியலாளர் கார்ஹார்ட் எழுதியது. அறுவைக்குப் பின் பள்ளம் நிரம்பினால் ‘நரம்பு சரியாகிவிட்டது’ என்று சொல்லிவிடாதீர்கள். நரம்பு முதலிலேயே நன்றாகத்தான் இருந்தது.

அவசரச் சோதனை

அறுவையில் காதுக்குள் வைத்த, தானே கரையும் பஞ்சு கரையாதவரை காற்றுவழிக் கோட்டை நம்பாதீர்கள்.

திருச்சி டிக்கெட்

அறுவைக்குப் பின் எப்போது விமானத்தில் பறக்கலாம் என்று உங்களிடம்தான் கேட்பார்கள். சர்ஜனிடம் அனுப்புங்கள்.