மே மாத மாடியை நம்பாதீர்கள்: சோலார் போடுகிறவர்கள் செய்யும் தவறுகள்

பூமி சூடாவதைத் தடுக்க நம்மால் ஆனதைச் செய்வோம் என்று மாடியில் சோலார் போடுகிறவர்களைப் பொள்ளாச்சி, கோபாலபுரம், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பார்க்கலாம். ஒரு வீட்டில் ஏமாற்றமானால் "அதெல்லாம் சும்மாங்க" என்று தெருவே பின்வாங்கிவிடும். ரசீது இல்லாமல் வாங்காதே போன்ற அறிவுரைகளை விட்டுவிடுவோம்.

மே மாதத்தில் நிழல் பார்ப்பது

பில் எகிறுவது கோடையில், சோலார் கம்பெனி ஆள் மாடியை அளக்க வருவதும் கோடையில். அப்போது இந்தப் பக்கம் நண்பகல் சூரியன் உச்சியைத் தாண்டி லேசாக வடக்கே நிற்கும். தெற்கு வேலியோரத் தென்னையின் நிழல் மாடியை எட்டாது. "நிழலே இல்லைங்க" என்று எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். எரிச்சலூட்டுவது இதுதான், ஏனென்றால் கணக்கு மிக எளிது. மாடி மட்டத்துக்கு மேல் 18 அடி நிற்கும் மரம், டிசம்பர் 21 வாக்கில் நண்பகலில் வடக்கே 12 அடி நிழல் தரும். காலை ஒன்பதேகால் ஒன்பதரைக்கு வடமேற்கே சுமார் 25-27 அடி.

ஜூன், ஜூலையில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் மேகம் உற்பத்தியைக் குறைத்துவிடும். தெளிந்த வெயில் தை, மாசியில்தான். அதைத்தான் இந்த நிழல் தின்கிறது.

ஒரு மட்டை நிழல்தானே என்பார்கள். 3 கிலோவாட்டுக்கு 540 வாட் பேனல் 6 வரும், பெரும்பாலும் ஒரே சங்கிலியாக. ஒவ்வொரு பேனலிலும் பொதுவாக 3 பைபாஸ் டயோடுகள். சில செல்கள் இருண்டால் டயோடு அந்தப் பகுதியையே ஒதுக்கிவிடும். நிழல் கையகலம், இழப்பு பேனலில் மூன்றில் ஒரு பங்கு வரை. மட்டை நான்கு பேனலைத் தடவினால் நான்கிலும் இதே கதை. வோல்டேஜ், பேனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டருக்கு வேண்டிய அளவுக்குக் கீழே இறங்கினால் மொத்தமும் நிற்கும்.

பேனலை வடக்கே நகர்த்துங்கள். இடமில்லையென்றால் ஒரு பேனலின் நிழல் மற்றதைப் பாதிக்காமல் ஒவ்வொன்றையும் தனித்தனியே இயக்கும் ஆப்டிமைசரோ மைக்ரோ இன்வெர்ட்டரோ கேளுங்கள். பூமியைக் காக்கக் காய்க்கிற தென்னையை வெட்டுவது நல்ல கூத்து.

மானியத்துக்காக 3 கிலோவாட்

பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2-க்கு 60,000, 3-க்கு 78,000. ஆனால் 1 கிலோவாட்டே நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும். இரண்டு மாதத்தில் 240. வீட்டுச் செலவே அவ்வளவுதான் என்றால் 3 கிலோவாட் எதற்கு? ஒரு வருஷத்து பில்லை எடுத்துவைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கரண்ட் போனாலும் எரியும் என்ற நினைப்பு

எரியாது. மின்வாரிய லைனோடு இணைந்த, பேட்டரியில்லாத ஆன்கிரிட் இன்வெர்ட்டர், கம்பத்தில் ஏறும் லைன்மேனின் உயிருக்காகத் தானே அணைந்துவிடும்.

ஆடிக்காற்று

உயரத் தூக்கிய ஸ்டாண்டு பாய்மரம் மாதிரி. கால்களைத் தட்டோட்டில் திருகாமல் கான்கிரீட்டில் இறக்குங்கள்.

போர்வெல் தண்ணீரில் கழுவுவது

உப்புக்கறை படியும். மழைத்தண்ணீரில், விடியற்காலையில் கழுவுங்கள்.