பிக்கப் வண்டியைத் தாழ்த்தும்போது சஸ்பென்ஷன் பாகங்களைத் தேர்ந்தெடுத்தல்

அமெரிக்காவில் பிக்கப் வண்டிகளைத் தரைக்கு நெருக்கமாகத் தாழ்த்துபவர்கள் அளவை ‘4/6’ என்று குறிப்பிடுவார்கள். முன்புறம் 4 அங்குலம், பின்புறம் 6 அங்குலம் என்பது அதன் பொருள். பாகங்கள் விற்பவரும் அந்த எண்ணையே முன்வைப்பார். ஆனால் வாங்குபவர் முதலில் கேட்க வேண்டியது, அவ்வளவு தாழ்த்திய பின் சக்கரங்கள் மேலேறி இறங்க எவ்வளவு இடம் மிஞ்சும் என்பதுதான். அந்த இடம் போதாவிட்டால் சாலைப் பள்ளத்தின் அடி முழுவதும் வண்டியின் அடிச்சட்டமான சேஸியில் விழும். வளைவில் அப்படி நேர்ந்தால் டயர் பிடிப்பை இழக்கும்.

1999 முதல் 2006 வரையிலான செவ்ரலே சில்வராடோ 1500 வண்டியின் பின்சக்கர இயக்க வகையை எடுத்துக்கொள்வோம். அதன் முன்புறத்தில் காயில் (சுருள்) ஸ்பிரிங்கும் பின்புறத்தில் வளைந்த எஃகுத் தகடுகளாலான கமான் பட்டைகளும் உள்ளன.

முன்புறத்துக்கு முதலில், சக்கரத்தைத் தாங்கும் பாகமான ஸ்பிண்டிலின் தாழ்வு வகையைத் தேர்ந்தெடுப்பதே நல்லது. சக்கரம் பொருந்தும் அச்சு அதில் ஏறத்தாழ 2 அங்குலம் மேலே அமைந்திருப்பதால், ஸ்பிரிங்கும், ஸ்பிண்டிலைச் சேஸியோடு இணைக்கும் கன்ட்ரோல் ஆர்ம்களும் பழைய நிலையிலேயே இருக்க, வண்டி மட்டும் தாழ்கிறது. சஸ்பென்ஷனின் அசைவு தூரம், அதாவது சக்கரம் மேலேறி இறங்கும் தூரம், குறைவதில்லை. மேலும் தாழ்த்த வேண்டுமானால் குட்டையான ஸ்பிரிங்கைச் சேர்க்கலாம், ஆனால் அசைவு தூரம் குறைவதால் அது பழையதைவிடக் கடினமானதாக இருக்க வேண்டும். பழைய ஸ்பிரிங்கை நெருப்பில் காய்ச்சி அமுக்கித் தருவதாக யார் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். சூட்டில் எஃகின் பதம் கெட்டு, பின்னர் அது தொய்யவோ முறியவோ செய்யும். ஸ்பிண்டிலைப் பொருத்தியதும் ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, சக்கரத்தைத் திருப்பும் தண்டான டை ராடின் முனை சக்கரத்தின் உட்புறத்தில் உரசுகிறதா என்று பார்ப்பது அவசியம்.

பின்புறத்தில்தான் தவறுகள் மிகுதி. ஆக்ஸில் (பின்சக்கரங்களை இணைக்கும் அச்சு) பட்டைகளின் மேல் அமர்ந்திருக்கும் வண்டியில், இரண்டுக்கும் இடையே உலோகக் கட்டை வைத்துத் தாழ்த்தலாம். சில்வராடோவில் ஆக்ஸில் பட்டைகளுக்குக் கீழே இருப்பதால், கட்டை வைத்தால் வண்டி உயரும். ஓரிரு அங்குலம் தாழ்த்த, பட்டையின் முனையைச் சேஸியோடு இணைக்கும் ஷேக்கிளை நீளமானதாக மாற்றினால் போதும். 5, 6 அங்குலத்துக்கு, ஆக்ஸிலைப் பட்டைகளுக்கு மேலே மாற்றும் ‘ஃபிளிப் கிட்’ தேவை. அப்போது ஆக்ஸில் சேஸிக்கு மிக அருகே வந்துவிடும் என்பதால், சேஸியில் அரைவட்டமாக வெட்டித் தடித்த எஃகுத் தகட்டால் வலுவூட்டும் ‘சி-நாட்ச்’சையும் சேர்த்தே வாங்க வேண்டும். செலவைக் குறைக்க அதைத் தவிர்ப்பவர்கள் பலர். அந்தப் பணமில்லையென்றால் தாழ்த்தும் அளவைக் குறைத்துக்கொள்வதே சரி. வெட்டிய இடத்தில் வலுவூட்டாமல் விட்டால் சேஸியே மடங்கக்கூடும். ஆக்ஸிலின் கோணம் மாறிவிட்டால் எஞ்சின் விசையைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுசெல்லும் டிரைவ் ஷாஃப்ட் அதிரும்; அதைச் சரிசெய்ய ஆப்புத் தகடுகள் உண்டு. ஆக்ஸிலைப் பட்டைகளோடு பிணைக்கும் யு-போல்ட்டுகள் இறுக்கும்போது இழுபட்டு நீள்பவை ஆதலால் பழையவற்றைத் திரும்பப் போடாமல் புதியவற்றையே பயன்படுத்துங்கள்.

ஷாக் அப்சார்பர்கள் புதிய உயரத்துக்கேற்ற நீளம் உடையவையாக இருக்க வேண்டும். பழைய நீளத்திலேயே விட்டால் அவை உள்ளேயே முட்டி உடையும். சஸ்பென்ஷன் எல்லைவரை அமுங்கும்போது முட்டலைத் தாங்கும் ரப்பர் கட்டைகளான பம்ப் ஸ்டாப்புகளையும் குட்டையானவையாக மாற்றுங்கள், ஒருபோதும் கழற்றி எறியாதீர்கள். ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியுள்ள எடை வரம்பு மாறாவிட்டாலும், அசைவு தூரம் குறைந்த வண்டியில் அவ்வளவு பாரம் ஏற்றுவது நடைமுறையில் பாதுகாப்பாக இராது. பாரம் ஏற்றுவது வழக்கமெனில் துணைக் காற்றுப் பைகளுக்கும் சேர்த்துத் திட்டமிடுங்கள்.

ஒரு டயர் காற்று போனாலும் வண்டியின் எந்தப் பாகமும் தரையைத் தொடக்கூடாது. ஒரு பக்கச் சக்கர வட்டின் அடிவிளிம்பிலிருந்து மறுபக்க டயரின் அடிவரை நூல் பிடித்து, அதற்குக் கீழே எதுவும் தொங்கவில்லை என்று பார்த்தால் இது தெரிந்துவிடும். புஷ் (ரப்பர் உறை) உள்ள போல்ட்டுகளை, வண்டியின் எடை சக்கரங்களில் இருக்கும்போது, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச்சால் இறுக்கி, வீல் அலைன்மென்ட் செய்தபின், முகப்பு விளக்குகளையும் சரிபாருங்கள். முன்புறத்தைவிடப் பின்புறம் அதிகம் தாழ்ந்திருப்பதால் ஒளி மேல்நோக்கிச் சென்று எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும்.