கல்லூரி பேனரில் இருக்கும் ரேங்க்கை எப்படிப் படிப்பது?

மே மாதம் வந்தால் கோவை அவிநாசி ரோடு முழுக்க ஏ பிளஸ் பிளஸ், ரேங்க் என்று பேனர்தான். சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் மாடு வாங்காதவர்கள்கூட இதை நம்பிப் பணம் கட்டிவிடுகிறார்கள்.

முதலில் இரண்டையும் பிரித்துக்கொள்ளுங்கள். எழுத்து கிரேடு நாக் (NAAC) என்கிற உயர்கல்வித் தர மதிப்பீட்டு அமைப்பு கொடுப்பது, 4-க்கு 3.51-ஆவது வந்தால்தான் ஏ பிளஸ் பிளஸ், அதுவும் குறிப்பிட்ட வருஷங்களுக்குத்தான், அதனால் சான்றிதழில் தேதியைப் பாருங்கள். ரேங்க் மத்தியக் கல்வி அமைச்சகத்தின் என்ஐஆர்எஃப் (NIRF) என்கிற தரவரிசைப் பட்டியல், 2016-லிருந்து வருகிறது. பல்கலைக்கழகங்களுக்கு 100-இல் கற்பித்தலும் வசதியும் 30, ஆராய்ச்சி 30, படித்து முடித்தவர்களின் நிலை 20, மீதி 20-இல் பாதி வெளியில் இருக்கும் நல்ல பெயருக்கு!

நீங்கள் தேட வேண்டியது ரேங்க்கை இல்லை. அதற்காகக் கல்லூரி கொடுத்த கணக்கை. அதன் இணையதளத்திலேயே பிடிஎஃப் கிடக்கும்: எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் வேலைக்குப் போனார்கள், மீடியன் சம்பளம் என்ன. மீடியன் என்றால் வரிசையில் நட்டநடுவில் நிற்பவரின் சம்பளம், பேனரில் சிரிக்கிற பையனுடையது அல்ல. கணக்கைக் கொடுப்பது கல்லூரியேதான், அதனால் அதில் இருக்கும் ஆசிரியர் பட்டியலைத் துறைக்கே போய் ஒப்பிட்டுப் பாருங்கள்.

சரி, பணம்? கிரேடு உயர்ந்தால் அரசுப் பணம் கொட்டும் என்று நினைக்க வேண்டாம். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2018 விதிப்படி 3.51 எடுத்த பல்கலைக்கழகம் அனுமதி கேட்காமலே புதுப் படிப்பு தொடங்கலாம், ஆனால் அதற்கு அரசிடம் நிதி கேட்கக்கூடாது. செலவு யார் தலையில் விழும்? ஆகவே சேரும் முன் கேளுங்கள்: இந்தப் படிப்பு எய்டடா, செல்ஃப் ஃபைனான்ஸா? எய்டட் என்றால் வாத்தியார் சம்பளத்தை மாநில அரசு கொடுக்கிறது, செல்ஃப் ஃபைனான்ஸ் என்றால் அந்தச் செலவும் ஃபீஸிலிருந்துதான். ஒரே வளாகத்தில் இரண்டும் இருக்கும், ஃபீஸ்தான் வேறு வேறு.