கூலன்ட் குறையுதா? ஹெட்ட எறக்குறதுக்கு முன்னாடி ரேடியேட்டர் மூடியப் பாருங்க

வெயில் ஏற ஏற ஷெட்டுக்கு வர்ற பழைய பிக்கப் எல்லாம் "தண்ணி குடிக்குதுணா"ன்னுதான் வருது, அதாவது இன்ஜின் சூட்ட ஆத்துற கூலன்ட் கொறஞ்சிகினே போவுது. புதுசா தொழில் கத்துக்குற பசங்க அந்த லீக்க தேடுற அழகப் பாத்தா, அந்தக் காலத்துல நாங்க அடிச்ச கூத்தையே திருப்பி அடிச்சிகினு இருக்கானுங்க. சூட்டுல மூடியத் தொறக்காத, ஏசி தண்ணிய கூலன்ட்னு நெனச்சி பதறாத, இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், விடுங்க. மத்த கூத்துங்க இதோ.

வாட்டர் வாஷ் பண்ணிட்டு லீக் தேடுறது

மெக்கானிக்குக்கு மரியாதையோ இன்னாவோ, இன்ஜின பளபளன்னு கழுவிட்டு எடுத்துகினு வர்றாங்க. கூலன்ட் சூடான இரும்பு மேல பட்டு காஞ்சா பச்சையாவோ ரோஸாவோ கறை நிக்கும், போர் தண்ணி ஊத்தின வண்டின்னா வெள்ளையா உப்பு பூத்திருக்கும். அந்தக் கறைதான் நமக்கு சாட்சி, அதையும் கழுவிட்டா அப்பால எத வச்சி தேடுறது? மொதல்ல டார்ச் அடிச்சி பாருங்க, போன்ல போட்டோ எடுத்துக்குங்க, அப்புறம் கழுவுங்க. கறை எங்க ஆரம்பிக்குதுன்னு மேல பாக்கணும், சொட்டு விழுற எடத்த இல்ல, ஃபேன் காத்து அத எங்கெங்கயோ தள்ளிடும்.

மூடியப் பாக்காம ஹெட்ட எறக்குறது

இத நெனச்சா இன்னும் வயிறு எரியுது.

ஒரு தக்காளி வண்டி. ஆந்திரா பக்கம் வி.கோட்டா போய் லோடு ஏத்திகினு வேலூர் மார்க்கெட்டுக்கு வர்றவரு, போகும்போதும் சும்மா போகாம எதனா ஏத்திகினு போவாரு. பேரணாம்பட்டு தாண்டி பத்தலப்பல்லி மலை ஏறினா போதும், மேல போய் நிறுத்தும்போது கூலன்ட் பாட்டில் பொங்கி ரோட்ல ஊத்தும். சமதரைல எவ்ளோ ஓட்டினாலும் ஒண்ணும் இல்ல, வண்டிக்கு அடியில ஈரமும் இல்ல. ஒரு ஒர்க்‌ஷாப்ல பாத்திருக்காங்க, பாத்திருக்காங்கன்னா பானட்டத் தூக்கி ஒரு பார்வ, அவ்ளோதான், "ஹெட் கேஸ்கெட் அவுட்"னு (இன்ஜினோட மேல்பாகம் ஹெட்டு, அதுக்கும் கீழ இருக்கிற பிளாக்குக்கும் நடுவுல இருக்கிற தகடு கேஸ்கெட்) சொல்லி ஹெட்ட எறக்கி லேத்துக்கு அனுப்பி சமமா சீவி ஃபேஸிங் பண்ணி, புது கேஸ்கெட், போல்ட், ஆயில்னு பெரிய பில்லா போட்டு அனுப்பிட்டாங்க. மறுபடி மலை ஏறுது, மறுபடி பொங்குது. "இப்ப ரேடியேட்டரையும் மாத்தணும்ன்றாங்கணா, இன்னா பண்றது"ன்னு வந்து நிக்கிறாரு. மூடியக் கழட்டிப் பாத்தா ரப்பர் வெடிச்சி கெடக்கு, ஸ்பிரிங் கட்டவிரல லேசா வச்சாலே உள்ள போவுது. புது மூடி போட்டு மலை ஏறிட்டு வந்தாரு, பொங்கல. அந்த மூடி வெல, ஹெட் எறக்கின அன்னிக்கி ஆன டீ செலவு கிட்டதான் இருக்கும்.

தண்ணி சிந்தாம இருக்க போட்டதுன்னு அந்த மூடிய நெனச்சிடாதீங்க. மேல 0.9, 1.1ன்னு ஒரு நம்பர் இருக்கும், அது பார் கணக்கு, அவ்ளோ பிரஷர் வரைக்கும் உள்ள புடிச்சி வைக்கும். சும்மா தண்ணி 100 டிகிரில கொதிக்கும், ஒரு பார் பிரஷர் மேல அமுக்கினா 120 கிட்ட போனாதான் கொதிக்கும். மூடி பிரஷர் புடிக்கலன்னா லோடோட ஏத்தம் ஏறும்போது ஹெட்டுக்குள்ள கொதிச்சி வெளிய தள்ளிடும். எங்கயும் ஓட்டையே இல்லாம கூலன்ட் காலி. நடுவுல இன்னொரு சின்ன வால்வு இருக்கு, இன்ஜின் ஆறும்போது பாட்டில்ல இருக்கிறத திரும்ப உள்ள இழுக்க. அது சிக்கிகிச்சின்னா பாட்டில் ஃபுல்லா இருக்கும், ரேடியேட்டர் காலியா இருக்கும், டிரைவர் பாட்டிலப் பாத்துட்டு "ஃபுல்லாதாங்க கீது"ம்பாரு. காலைல ரேடியேட்டரோட மேல் ஹோஸ் சப்பிப் போயிருந்தா மொத சந்தேகம் இந்த வால்வு மேலதான்.

அப்ப கேஸ்கெட்டுன்னு எப்படி தெரியும்? காலைல நல்லா ஆறின இன்ஜின ஸ்டார்ட் பண்ணிட்டு மேல் ஹோஸப் புடிச்சி பாருங்க. இன்னும் சூடே ஏறல, அதுக்குள்ள கல்லு மாதிரி ஆயிடுச்சின்னா, இல்லன்னா ஆறின இன்ஜின்ல மூடியத் தொறந்து வச்சி ஸ்டார்ட் பண்ணும்போது காத்து முட்ட முட்டயா நிக்காம வந்துகினே இருந்தா, அது கேஸ்கெட் பக்கம், நம்பலாம். முழு சூட்டுலயும் ஹோஸ் தொளதொளன்னு இருந்தா பிரஷர் எங்கயோ போவுது. கைல பம்ப் பண்ற டெஸ்டர் வச்சி, ஆறின இன்ஜின்ல, மூடில இருக்கிற நம்பர் வரைக்கும் மட்டும் ஏத்தி விட்டுட்டு முள் எறங்குதான்னு பாருங்க. புது மூடி அதே நம்பர், அதே ஆழம். "பெரிய நம்பர் போட்டா நல்லதுதானே"ன்னு போட்டா பழைய ரேடியேட்டரோட பிளாஸ்டிக் டேங்க் ஓரத்துல விட்டுக்கும்.

லீக்க அடைக்க ரேடியேட்டர்ல மஞ்சத்தூள் போடுறது

வேணாம். ஓட்டைய அடைக்குதோ இல்லியோ, ரேடியேட்டர் டியூப அடைச்சிடும்.

தெர்மோஸ்டாட்டக் கழட்டி எறியுறது

இன்ஜின் சூடேறுற வரைக்கும் கூலன்ட்ட ரேடியேட்டருக்கு விடாம புடிச்சி வைக்கிற வால்வு அது. லீக்குக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

போர் தண்ணி ஊத்தி ஓட்டுறது

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் தோல் தொழிற்சாலை கழிவு பாலாத்து நிலத்தடி தண்ணிய இன்னா பண்ணி வச்சிருக்குன்னு நம்மள விட யாருக்குத் தெரியும். குடிக்க கேன் வாங்குறோம், ரேடியேட்டருக்கு மட்டும் அதே உப்புத்தண்ணி. டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் பாதிக்குப் பாதி கலந்து ஊத்துங்க.

வாட்டர் பம்ப் ஓட்டைய எம்சீல் வச்சி அடைக்கிறது

பம்ப் ஷாஃப்டுக்குக் கீழ ஒரு சின்ன ஓட்டை இருக்கும், அது கம்பெனியே வச்சது. உள்ள சீல் போச்சின்னா அது வழியா சொட்டும், பம்ப் போவப்போவுதுன்னு நமக்குத் தெரியணும்னுதான். அத அடைச்சா தண்ணி பேரிங்குக்குள்ள போவும், பேரிங் ஆட ஆரம்பிச்சா, பழைய வண்டில ஃபேனும் அதே ஷாஃப்ட்லதான, அது நேரா போய் ரேடியேட்டரக் கிழிச்சிடும். பம்ப்ப மாத்துங்க.