லினக்ஸ் லேப்டாப் மெதுவாகிவிட்டதா? அடைப்பு எங்கே என்று முதலில் பாருங்கள்

கடைமடை வயலுக்குத் தண்ணீர் ஏறவில்லை என்றால் யாரும் மேட்டூருக்குப் போய் நிற்பதில்லை. வாய்க்கால் கரையோடு நடந்து, எந்த மதகில் வெங்காயத்தாமரை அடைத்திருக்கிறது, எங்கே மண் மேடிட்டிருக்கிறது என்றுதான் பார்ப்போம். லேப்டாப் மெதுவாகும்போது மட்டும் இதை மறந்துவிடுகிறோம். நேராக ராம் வாங்கிப் போடுகிறோம், இல்லாவிட்டால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு லினக்ஸைப் புதிதாக ஏற்றுகிறோம்.

நீடாமங்கலத்தில் இருக்கும் என் அக்கா மகள் போன் செய்து, "மாமா, பிரவுசரைத் தட்டிவிட்டுப் போய் டீ போட்டுக் குடிச்சிட்டு வந்தாலும் திறக்கலை" என்றாள். லினக்ஸ் மின்ட், சின்னமன் டெஸ்க்டாப், 4 ஜிபி ராம். ஒரு கடையில் ராமை 8 ஜிபி ஆக்கிக் கொடுத்திருந்தார்கள், பணம் போனதுதான் மிச்சம். அடைப்பு ராமில் இல்லை, ஹார்ட் டிஸ்க்கில் இருந்தது. பத்து நிமிடம் பார்த்திருந்தால் அந்தச் செலவே வந்திருக்காது.

அந்தப் பத்து நிமிடத்துக்கு என்ன செய்வது? லேப்டாப் மெதுவாக இருக்கும் அந்த நேரத்திலேயே, கட்டளை அடிக்கும் டெர்மினலைத் திறந்து டாப் (top) என்று அடியுங்கள். மேலே சிபியு வரியில் டபிள்யூ ஏ (wa) என்று இரண்டு எழுத்து இருக்கும், அதற்கு முன்னால் இருக்கும் எண்ணைக் கவனியுங்கள். டிஸ்க் வேலையை முடிக்கட்டும் என்று ப்ராசஸர் சும்மா காத்திருக்கும் நேரம் அது. 0, 1 என்று இருந்தால் டிஸ்க்கைப் பற்றிக் கவலையில்லை. 30, 40 என்று இறங்காமல் நின்றால் டிஸ்க்தான் இழுக்கிறது. அந்த எண் சின்னதாக இருந்து, கீழே பட்டியலில் ஏதோ ஒரு ப்ரோகிராம் 100 சதவீதத்தில் உட்கார்ந்திருந்தால் பிரச்சினை அந்த ப்ரோகிராமில்.

டிஸ்க் மேல் சந்தேகம் வந்துவிட்டால் மெனுவில் டிஸ்க்ஸ் என்ற கருவியைத் திறந்து, ஸ்மார்ட் டேட்டா என்ற பகுதிக்குப் போங்கள். அங்கே ரீஅலொகேட்டட் செக்டர், கரண்ட் பெண்டிங் செக்டர் என்று இரண்டு வரிகள். இரண்டும் 0 ஆக இருக்க வேண்டும். பெண்டிங் கணக்கில் எண் ஏறியிருந்தால், டிஸ்க்கால் சில இடங்களைப் படிக்க முடியவில்லை என்று அர்த்தம். திரும்பத் திரும்ப முயன்று பார்க்கும், அதனால்தான் மொத்த டெஸ்க்டாப்பும் உறைந்து நிற்கிறது. இந்த நிலையில் வேறு எதையும் தொடாதீர்கள். போட்டோ, சான்றிதழ், பட்டா ஸ்கேன் எல்லாவற்றையும் முதலில் வெளியே காப்பி எடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். நம் பக்கம் மழைக்காலத்தில் கரண்ட் வந்து வந்து போகும், செத்துப்போன பேட்டரியோடு லேப்டாப்பை ப்ளக்கிலேயே ஓட்டுபவர்கள் அதிகம். எழுதிக்கொண்டிருக்கும்போது பட்டென்று அணைவது பழைய ஹார்ட் டிஸ்க்குக்கு ஆகவே ஆகாது.

டிஸ்க் நன்றாக இருந்தும் அந்த டபிள்யூ ஏ எண் அதிகமாக இருக்கிறதா? அப்படியானால் ஹார்ட் டிஸ்க்கின் இயல்பே அதுதான். சுழலும் தட்டில் ஊசி ஒவ்வோர் இடமாக நகர்ந்து தேட வேண்டும், ஒரு தேடலுக்கு 10 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகும். சுழலும் தட்டே இல்லாத எஸ்எஸ்டியில் அதே வேலை 0.1 மில்லிசெகண்ட் அளவில் முடியும். பழைய லேப்டாப்புக்குச் செய்யக்கூடிய ஒரே ஒரு செலவு எது என்று என்னைக் கேட்டால், ராமை விட எஸ்எஸ்டியைத்தான் சொல்வேன்.

இனி ராம். டெர்மினலில் ஃப்ரீ (free) என்று அடித்தால் வரும் அட்டவணையில் ஃப்ரீ என்ற பத்தி மிகக் குறைவாக இருப்பதைப் பார்த்துப் பலரும் பயந்துவிடுகிறார்கள். பயம் வேண்டாம், சும்மா கிடக்கும் ராமை லினக்ஸ் கேச்சாக, அதாவது டிஸ்க்கில் படித்ததைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் இடமாகப் பயன்படுத்திக்கொள்ளும், கேட்டால் உடனே விட்டுக்கொடுக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது அவெய்லபிள் என்ற கடைசிப் பத்தியை. அது 200, 300 எம்பிக்குக் கீழே போய், ராமில் இடமில்லாததை டிஸ்க்கில் எழுதிவைக்கும் ஸ்வாப்பும் ஏறிக்கொண்டே இருந்தால்தான் ராம் பற்றவில்லை என்று சொல்லலாம். பெரும்பாலும் காரணம் பிரவுசர்தான். ஃபயர்ஃபாக்ஸ் மெனுவில் மோர் டூல்ஸுக்குள் டாஸ்க் மேனேஜர் இருக்கிறது, எந்தத் தளம் எவ்வளவு தின்கிறது என்று அதில் தெரியும். செலவில்லாமல் சமாளிக்க இசட்-ராம் போட்டுப் பாருங்கள். ஸ்வாப்பை டிஸ்க்கில் எழுதாமல் ராமுக்குள்ளேயே சுருக்கி வைக்கும். ராம் வாங்கியே ஆக வேண்டும் என்றால் பழையதைக் கழற்றி எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள், ஏனென்றால் ராமில் டிடிஆர்3 வேறு, டிடிஆர்3எல் வேறு. முதலாவது 1.5 வோல்ட், இரண்டாவது 1.35 வோல்ட்டிலும் ஓடும், குறைந்த வோல்ட் மட்டும் ஏற்கும் லேப்டாப்பில் முதலாவது ஓடாமல் போகலாம்.

2011ல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் வந்தவை நம் ஊர் வீடுகளில் இன்னும் பரண் மேல் இருக்கின்றன. விண்டோஸோடு, மத்திய அரசு நிறுவனமான சி-டாக்கின் பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்த காலத்து லேப்டாப்கள். அதில் சின்னமன் போட்டுக் கஷ்டப்பட வேண்டாம், எக்ஸ்எஃப்சிஇ அல்லது எல்எக்ஸ்க்யூடி என்ற இலேசான டெஸ்க்டாப்பைப் போடுங்கள்.

டிஸ்க்கும் சரி, ராமும் சரி, ஆனாலும் முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடிவிட்டு அப்புறம் படுத்துவிடுகிறதா? அது சூடு. டெர்மினலில் சென்சார்ஸ் (sensors) என்று அடித்துப் பாருங்கள் (இல்லாவிட்டால் எல்எம்-சென்சார்ஸ், lm-sensors, பேக்கேஜை ஏற்றிக்கொள்ளுங்கள்). 90 டிகிரியைத் தாண்டிப் போனால் ப்ராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். குறுவை அறுப்பு, சம்பா அறுப்பு நேரத்தில் மெஷின் ஓடும் வயலை ஒட்டிய வீடுகளிலும், ரைஸ் மில் பக்கத்திலும் இதை அதிகம் பார்க்கிறேன். வைக்கோல் தூசியும் தவிட்டுத் தூசியும் ஃபேனுக்குப் பின்னால் இருக்கும் தகட்டில் கம்பளி மாதிரி படிந்துவிடும். பின்மூடியைக் கழற்றி, பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, ஃபேன் சுற்றாமல் ஒரு குச்சியால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். பிடிக்காமல் ஊதினால் ஃபேன் அதிவேகமாகச் சுற்றிக் கெட்டுவிடும். நாலைந்து வருடம் ஆன லேப்டாப் என்றால் ப்ராசஸரின் சூட்டை வெளியே கடத்தும் தெர்மல் பேஸ்ட்டையும் மாற்றிவிடுங்கள். பாயிலும் மெத்தையிலும் வைத்து ஓட்டுவதை நிறுத்தினாலே சில டிகிரி இறங்கும்.

மீதி எல்லாம் சின்னச் சின்ன விஷயம். டிஸ்க் நிரம்பியிருக்கிறதா என்று டிஸ்க் யூசேஜ் அனலைசரில் பாருங்கள்; மின்ட்டில் சிஸ்டத்தைக் காப்பி எடுத்துவைக்கும் டைம்ஷிஃப்ட் பழைய பிரதிகளைச் சேர்த்துச் சேர்த்து இடத்தைத் தின்றிருக்கும், இரண்டை வைத்துக்கொண்டு மற்றதை அழிக்கலாம். ஸ்டார்ட்அப் அப்ளிகேஷன்ஸில் தேவையில்லாததை அணையுங்கள். சாஃப்ட்வேர் ரெண்டரிங் மோட் என்று சின்னமன் அறிவிப்புக் காட்டினால் கிராஃபிக்ஸ் டிரைவர் ஓடவில்லை, திரையில் வரைவதையும் ப்ராசஸரே சுமக்கிறது. டிரைவர் மேனேஜரைத் திறந்து சரிபாருங்கள். சார்ஜரையும் மறக்காதீர்கள்: கம்பெனி சார்ஜர் போய் வேறு ஒன்றை மாட்டினால், அடையாளம் தெரியவில்லை என்று சில லேப்டாப்கள் வேகத்தை அடிமட்டத்துக்கு இறக்கிவிடும். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டும்போது வேகம் கூடினால் சார்ஜர்தான் காரணம்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றுவதற்கு முன்னால் டபிள்யூ ஏ எண், அவெய்லபிள் அளவு, சூடு மூன்றையும் ஒரு தாளில் எழுதிவையுங்கள், மாற்றிய பிறகு திரும்ப எழுதுங்கள். அக்கா மகளின் லேப்டாப்பில் எஸ்எஸ்டி போட்ட பிறகு டபிள்யூ ஏ 45லிருந்து 1க்கு வந்தது. கடையில் போட்ட அந்த 4 ஜிபி ராமை இப்போது அவள் தம்பி லேப்டாப்பில் மாட்டியிருக்கிறோம், அங்கே அது உண்மையிலேயே தேவைப்பட்டது.