ஐரோப்பாவில் முதல் ஸ்டார்ட்அப் மாநாடு: டிக்கெட் எடுப்பதிலிருந்து வாட் திரும்பப் பெறுவது வரை

ஐரோப்பாவில் சின்னதாக ஒரு மென்பொருள் நிறுவனம் தொடங்கிவிட்டீர்கள். தயாரிப்பு ஓடுகிறது, பணம் கட்டும் வாடிக்கையாளர்கள் சிலர் இருக்கிறார்கள். அடுத்து யாராவது ஒருவர் "ஸ்லஷுக்குப் போகலையா? வெப் சம்மிட்டுக்குப் போகலையா?" என்று கேட்பார். இரண்டும் ஐரோப்பாவின் பெரிய ஸ்டார்ட்அப் மாநாடுகள். தாராளமாகப் போகலாம். ஆனால் டிக்கெட், விமானம், தங்குமிடம் எல்லாம் சேர்த்தால் தொடக்க நிலையில் இருப்பவருக்குக் கை கடிக்கும் செலவு அது. மேடைப் பேச்சைக் கேட்பதற்காக அந்தப் பணத்தைக் கொடுக்க வேண்டியதில்லை. பெரும்பாலானவை பிறகு யூடியூபுக்கு வந்துவிடும். உங்கள் தொழிலுக்குத் தேவையான ஏழெட்டுப் பேரோடு உட்கார்ந்து பேச முடிந்தால் மட்டுமே செலவு வசூலாகும். அதற்கான வேலையில் முக்கால் பங்கு ஊரிலிருந்து கிளம்புவதற்கு முன்பே நடக்கிறது. ஹெல்சிங்கியில் நடக்கும் ஸ்லஷை உதாரணமாக வைத்து, அந்த வேலையை வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: ஆளை முடிவு செய்துவிட்டு ஊரை முடிவு செய்யுங்கள்

உங்களுக்கு இப்போது வேண்டியது முதலீட்டாளரா, வாடிக்கையாளரா? இரண்டும் என்று சொன்னால் இரண்டும் கிடைக்காது.

முதலீட்டாளர் என்றால் ஸ்லஷ். 2008-இல் சில நூறு பேரோடு தொடங்கியது, இப்போது ஒவ்வொரு நவம்பரிலும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கூடுகிறார்கள். லாப நோக்கமற்ற அமைப்பு, மாணவர்கள்தான் முன்னின்று நடத்துகிறார்கள். நிறுவனரையும் முதலீட்டாளரையும் நேருக்கு நேர் உட்கார வைப்பதைத்தான் அவர்கள் முதல் வேலையாக நினைக்கிறார்கள். முதல் முறை போகிறவருக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

வெப் சம்மிட் டப்ளினில் வளர்ந்து 2016-இல் லிஸ்பனுக்கு மாறியது. எழுபதாயிரம் பேர் அளவில் கூட்டம். ஆல்ஃபா என்ற திட்டத்தில் சேரும் புதிய நிறுவனங்களுக்கு ஒரே ஒரு நாள் சின்ன ஸ்டால் தருவார்கள். அந்த ஒரு நாளில் உங்களைத் தேடி வருகிறவர் யார், சும்மா கடந்து போகிறவர் யார் என்று பிரித்துப் பார்ப்பதே கஷ்டம். இரண்டு மூன்று மாநாடு பார்த்த பிறகு அங்கே போனால் பலன் அதிகம்.

நீங்கள் விற்பது மார்க்கெட்டிங் துறைக்கான கருவி என்றால் கணக்கே வேறு. விளம்பரப் பட்ஜெட்டைக் கையில் வைத்திருப்பவர்கள் மே மாதம் ஹாம்பர்க் ஓஎம்ஆர் விழாவிலும், செப்டம்பரில் கொலோன் டிமெக்ஸ்கோவிலும் நடமாடுகிறார்கள். ஓஎம்ஆரில் நிறைய அமர்வுகள் ஜெர்மனில்தான் இருக்கும். மொழி வராதவர் ஜெர்மன் பேசும் கூட்டாளி ஒருவரை அழைத்துப் போவது நல்லது. தேடுபொறி சார்ந்த வேலை என்றால் இங்கிலாந்தின் பிரைட்டன் எஸ்இஓ. ஒரு பப்பின் மாடியில் சிறு கூட்டமாகத் தொடங்கியது அது. அங்கே இன்னும் தொழில் தெரிந்தவர்கள் தொழில் பேசுகிறார்கள்.

கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு ஒன்று: மியூனிக்கின் பிட்ஸ் அண்ட் பிரெட்ஸல்ஸ். அக்டோபர்ஃபெஸ்ட் என்ற பீர் திருவிழா சமயத்தில் நடப்பதால் கடைசி நாள் கூட்டத்தை பீர் கூடாரத்துக்கே கொண்டு போய்விடுகிறார்கள். மேசைக்கு ஒரு அனுபவஸ்தர் தலைமை தாங்குவார். பேச்சை யார் தொடங்குவது என்ற தயக்கமே அங்கே எழாது.

படி 2: விசாவை முதலில் பாருங்கள்

ஷெங்கன் என்பது ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டு. ஜெர்மனி, பிரான்ஸ் போன்ற ஷெங்கன் நாடொன்றில் வசிப்பு அனுமதி வைத்திருப்பவர் மற்ற ஷெங்கன் நாடுகளுக்கு 180 நாளில் 90 நாள் வரை தனி விசா இல்லாமல் போகலாம். அந்த அட்டையையும் பாஸ்போர்ட்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். பிரைட்டனுக்கும் டப்ளினுக்கும் இது செல்லாது. பிரிட்டனும் அயர்லாந்தும் ஷெங்கனில் இல்லை. இந்திய, இலங்கை பாஸ்போர்ட் உள்ளவர் அவற்றுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ நேராக வருகிறவர் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். பயணத்துக்குக் குறைந்தது 15 நாள் முன்பாவது விண்ணப்பித்துவிட வேண்டும் என்பது விதி. அந்த 15-ஐ நம்பிக் காத்திருக்காதீர்கள். 2024 ஜூன் முதல் கட்டணம் 90 யூரோ. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். மாநாட்டு டிக்கெட்டின் ரசீதையும் விண்ணப்பத்தோடு வையுங்கள்.

படி 3: உங்களுக்குரிய பாஸை எடுங்கள்

ஸ்லஷில் ஸ்டார்ட்அப், முதலீட்டாளர், பொதுப் பார்வையாளர் என்று பாஸ் தனித்தனி. ஸ்டார்ட்அப் பாஸுக்கு நிபந்தனைகள் உண்டு, விலையும் குறைவு. நாள் போகப் போக விலை ஏறும். அதனால் முடிவு செய்தவுடன் வாங்கிவிடுங்கள். வாங்கும்போது ரசீதில் நிறுவனத்தின் பெயர், முகவரி, வாட் (மதிப்புக் கூட்டு வரி) எண் மூன்றும் சரியாக வருகிறதா என்று பாருங்கள். இது ஏன் என்பது கடைசிப் படியில் வருகிறது.

மாணவராக இருந்தால் இன்னொரு வழி உண்டு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்களை வைத்துத்தான் ஸ்லஷ் நடக்கிறது. வேலை நேரம் போக மீதி நேரத்தில் உள்ளே சுற்றலாம். பின்லாந்தில் படிக்கும் தம்பி தங்கைகள் இதை விடக் கூடாது.

படி 4: சந்திப்புக் கோரிக்கை எழுதுவது

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். மாநாட்டுக்குச் சில வாரங்கள் முன்பு ஸ்லஷின் சந்திப்புத் தளம் திறக்கும். யார் வருகிறார்கள் என்று தேடலாம், கோரிக்கை அனுப்பலாம். எதிராளி ஏற்றுக்கொண்டால் நேரமும் மேசையும் முடிவாகிவிடும்.

முதலில் பட்டியல். ஒவ்வொரு முதலீட்டு நிறுவனத்தைப் பற்றியும் மூன்று விஷயம் பாருங்கள்: எந்தக் கட்டத்தில் பணம் போடுகிறார்கள், எந்த நாடுகளில், எந்தத் துறையில். வளர்ந்த நிறுவனங்களில் மட்டும் முதலீடு செய்கிறவரிடம் தொடக்க நிலை நிறுவனம் போய் நின்றால் இருவருக்கும் நேரம் வீண். அப்புறம், பெரிய பெயர்களையே குறிவைக்காதீர்கள். அதே நிறுவனத்தில் இளநிலை ஆய்வாளராக இருப்பவருக்குப் புது நிறுவனங்களைக் கண்டுபிடிப்பதுதான் வேலையே. அவர் பதில் எழுதுவார், உங்களைப் பற்றி உள்ளே பேசுவார்.

கோரிக்கை எப்படி இருக்க வேண்டும்? ஆங்கிலத்தில்தான் அனுப்பப் போகிறீர்கள், சாரம் இப்படி இருக்கட்டும். கற்பனையாக ஒரு நிறுவனத்தை வைத்துக்கொள்வோம்:

"வணக்கம். நாளைக்கு எவ்வளவு ரொட்டி சுட வேண்டும் என்று பேக்கரிகளுக்குக் கணித்துச் சொல்லும் மென்பொருள் எங்களுடையது. லைப்சிக்கில் 14 கடைகள் மாதக் கட்டணம் கட்டுகின்றன. உணவு வீணாவதைக் குறைக்கும் நிறுவனங்களில் நீங்கள் முதலீடு செய்வதைப் பார்த்தேன். எங்கள் கணிப்பை நம்பிக் கடைக்காரர்கள் ரொட்டியைக் குறைக்கிறார்களா என்பதற்கான ஆறு மாத எண்கள் கையில் இருக்கின்றன. வியாழக்கிழமை காலை காட்டலாமா?"

அவ்வளவுதான். யாருக்கு என்ன செய்கிறோம், யார் பணம் கட்டுகிறார்கள், ஏன் உங்களைத் தேடி வருகிறேன், என்ன காட்டப் போகிறேன். "உலகையே மாற்றும் செயற்கை நுண்ணறிவுத் தளம்" போன்ற வரி ஒன்றுகூட இல்லை. நூற்றுக்கணக்கான கோரிக்கைகளைப் படிக்கிறவரின் கண்ணை அந்த 14 கடைகள்தான் நிறுத்தும்.

ஒரே வாசகத்தை எல்லோருக்கும் ஒட்டி அனுப்பாதீர்கள். "ஏன் உங்களை" என்ற வரியை மட்டுமாவது ஆளுக்கு ஆள் புதிதாக எழுதுங்கள். பதில் வராதவருக்கு ஒரு வாரம் கழித்து லிங்க்ட்இனில் ஒரு வரி போடலாம். அதற்கும் பதில் இல்லை என்றால் விட்டுவிடுங்கள்.

படி 5: பக்க நிகழ்ச்சிகள்

மாநாட்டு வாரத்தில் ஊர் முழுக்கக் காலை உணவுக் கூட்டங்களும் மாலை விருந்துகளும் நடக்கும். பலவற்றுக்கு நுழைவு இலவசம், ஆனால் இடம் குறைவு. பதிவு திறந்த அன்றே பந்திக்கு முந்துங்கள். இரவு விருந்தைவிடக் காலைக் கூட்டம் மேல் என்பது என் கருத்து. சத்தம் இருக்காது, எல்லோரும் தெளிவாக இருப்பார்கள், பேசியது மறுநாளும் ஞாபகம் இருக்கும்.

படி 6: அந்த இரண்டு நாள்

ஹெல்சிங்கி விமான நிலையத்திலிருந்து ஐ (I), பி (P) என்ற எழுத்துகள் போட்ட ரயில்கள் இரண்டுமே பாசிலா நிலையத்தில் நிற்கும். மாநாடு நடக்கும் மெஸ்ஸுகெஸ்குஸ் அரங்குக்கு அங்கிருந்து நடந்தே போகலாம். விமான நிலையத்திலிருந்து ஏபிசி (ABC) மண்டல டிக்கெட் வேண்டும். நவம்பர் கடைசியில் அங்கே பிற்பகல் மூன்றரைக்கெல்லாம் இருட்டிவிடும். புத்தி தெளிந்த எவரும் நவம்பரில் ஹெல்சிங்கிக்கு வரமாட்டார்கள், உங்களைத் தவிர என்ற பொருளில் ஸ்லஷ்காரர்களே பதாகை வைத்து வரவேற்றது பிரசித்தம். கனமான கோட்டைக் கொடுத்துவைக்க வரிசை நிற்கும், அதனால் முதல் சந்திப்புக்கு முக்கால் மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள். பின்லாந்துக்காரர்கள் நேரம் தவற மாட்டார்கள், உங்களிடமும் அதையே எதிர்பார்ப்பார்கள்.

உள்ளே அரங்கம் இருட்டாக, லேசர் வெளிச்சமும் இரைச்சலுமாக இருக்கும். டெமோவை இணைய இணைப்பு இல்லாமலும் ஓடும்படி போனில் ஒரு நிமிட வீடியோவாக வைத்துக்கொள்ளுங்கள். சத்தம் கேட்காது என்பதால் திரையில் எழுத்தும் ஓடட்டும்.

மேசையில் உட்கார்ந்தவுடன் ஸ்லைடைத் திறக்காதீர்கள். இரண்டு வாக்கியத்தில் உங்களைச் சொல்லிவிட்டு, "இந்தத் துறையில் நீங்கள் எதைப் பார்த்தால் ஆர்வப்படுவீர்கள்?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலுக்கு ஏற்ற எண்ணை எடுத்துக் காட்டலாம். வேண்டாம் என்றாலும் பரவாயில்லை, யாரைப் பார்க்கலாம் என்று கேட்டுவிட்டு எழுந்திருங்கள். அந்தக் கேள்வியிலிருந்து பல நேரம் அடுத்த சந்திப்பு பிறக்கும்.

சந்திப்புகளுக்கு நடுவே இடைவெளி விடுங்கள். எழுந்து வந்தவுடன் போனில் மூன்று வரி: யார், என்ன கேட்டார், நான் என்ன அனுப்புவதாகச் சொன்னேன். மாலையில் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் முகமும் பேச்சும் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

படி 7: திரும்பி வந்த பிறகு

இரண்டு நாளுக்குள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக மின்னஞ்சல் அனுப்புங்கள். அந்த மூன்று வரிக் குறிப்பிலிருந்தே அது எழுதப்பட்டுவிடும். சேகரித்த முகவரிகளை அப்படியே செய்திமடல் பட்டியலில் கொட்டிவிடாதீர்கள். ஜெர்மனியில் முன் அனுமதி இல்லாமல் விளம்பர மின்னஞ்சல் அனுப்புவது நியாயமற்ற வணிகப் போட்டியைத் தடுக்கும் சட்டத்தின் 7-ஆம் பிரிவுப்படி தவறு. பெறுகிறவர் நிறுவனமாக இருந்தாலும் தவறுதான். மாநாட்டில் ஒருவர் தன் பேட்ஜை (அடையாள அட்டையை) ஸ்கேன் செய்ய அனுமதித்தது செய்திமடலுக்கான சம்மதம் ஆகாது.

கடைசியாக, வாட். மாநாட்டு நுழைவுக்கான வரி பொதுவாக மாநாடு நடக்கும் நாட்டில்தான் விதிக்கப்படும். பின்லாந்தில் பொது விகிதம் 2024 செப்டம்பர் முதல் 25.5 சதவீதம், சின்னத் தொகை இல்லை. உங்கள் நிறுவனம் வேறொரு ஐரோப்பிய ஒன்றிய நாட்டில் வாட் பதிவு பெற்று செலவுகளில் கட்டிய வாட்டை முழுவதும் கழித்துக்கொள்ளும் உரிமையோடு இருந்தால், உங்கள் நாட்டு வரித்துறையின் இணையதளம் வழியாகவே அதைத் திருப்பிக் கேட்கலாம். ஆண்டுக் கோரிக்கை என்றால் குறைந்தது 50 யூரோ இருக்க வேண்டும். ஒரு வருடத்துச் செலவுக்கு அடுத்த வருடம் செப்டம்பர் 30 கடைசி நாள். கணக்காளரிடம் ரசீதை இந்த வாரமே கொடுத்துவிடுங்கள்.